பழைய வேல்ஸ் குயில்ட்டை இனங்காணவும் படிக்கவும் காக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இரண்டுக்கும் நடுவே கம்பளியோ பஞ்சோ பரப்பி, மூன்று அடுக்கும் ஒன்றாகப் பிணையும்படி கையால் ஓட்டுத் தையல் போட்டு உருவாக்கும் கனத்த போர்வைக்குக் குயில்ட் என்று பெயர். பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் தொடங்கும் வரை தைக்கப்பட்ட குயில்ட்கள் இன்று அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இடம்பெற்றிருக்கின்றன. ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றை முதன்முதலாகப் பார்ப்பவர் பெரும்பாலும் நிறத்தையும் ஒட்டுத்துணிகளின் அமைப்பையும்தான் கவனிக்கிறார். ஆனால் வேல்ஸ் குயில்ட்டின் கலை குடிகொண்டிருப்பது தையல் கோடுகளில். ஒரே நிறத் துணியில், ஒட்டு ஏதும் இல்லாமல் தைக்கப்பட்ட குயில்ட்களே இந்த மரபின் உச்சம் என்று நான் கருதுவதற்கும் அதுவே காரணம். எனவே துணிக்கு முன் தையலைப் பார்க்கப் பழகுவதையே இந்த வழிகாட்டி முதலில் வைக்கிறது.

முதல் படி: பக்கவாட்டு வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள்

கட்டிலிலோ பெரிய மேசையிலோ வெளுத்த பருத்தி விரிப்பைப் போட்டு, அதன் மேல் குயில்ட்டை இழுக்காமல் விரியுங்கள். கைகளைக் கழுவி நன்கு துடைத்துக்கொண்டு, மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது. நூறாண்டு பழைய நூல் ஒரு சிறு சிக்கலுக்கே அறுந்துவிடும். பிறகு கூரை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கைக் குயில்ட்டின் ஓரத்தில், துணியின் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும்படி வையுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் சிவப்புத் துணியாகத் தெரிந்த பரப்பில் வட்டங்களும் சுருள்களும் இலைகளும் எழுந்து வரும்.

உள்ளே இருக்கும் கம்பளிதான் இதற்குக் காரணம். பழைய வேல்ஸ் குயில்ட்களில் பெரும்பாலானவற்றின் உள்திணிப்பு, சீவிப் பரப்பிய செம்மறியாட்டுக் கம்பளி. கம்பளி இழைகள் இயல்பாகவே சுருண்டவை. அழுத்தினால் அடங்கி, விட்டால் மீண்டும் எழக்கூடியவை. அதனால் தையல் விழுந்த இடம் பள்ளமாக அமுங்க, தையலுக்கு இடைப்பட்ட பகுதி மேடாகப் புடைத்து நிற்கிறது. வேல்ஸ் தையற்காரர்கள் இந்த மேடு பள்ளத்தையே தங்கள் சித்திரமாக ஆக்கிக்கொண்டார்கள். இந்த நிலையில் விளக்கை நான்கு பக்கங்களிலும் மாற்றி வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரும் படிகளுக்கு அந்தப் படங்கள் உதவும்.

இரண்டாம் படி: வேல்ஸில் தைத்ததுதானா என்று சோதியுங்கள்

ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவுக்கு வருவது சரியாகாது. பல அடையாளங்கள் ஒன்றாகச் சேரும்போதுதான் உறுதி பிறக்கும்.

முதலில் விளிம்பைப் பாருங்கள். வேல்ஸ் மரபில் மேல்துணியின் ஓரத்தையும் கீழ்த்துணியின் ஓரத்தையும் உள்பக்கமாக மடித்து, இரண்டு மடிப்பையும் ஒன்றோடொன்று பொருத்தி, ஓட்டுத் தையலால் மூடுவார்கள். பெரும்பாலும் அந்தத் தையல் இரண்டு வரிசையாக ஓடும். ஓரத்தில் தனித் துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தால், அது வேறு நாட்டில் தைத்ததாக இருக்கலாம், அல்லது தேய்ந்த விளிம்பைப் பிற்காலத்தில் யாரோ செப்பனிட்டிருக்கலாம். பட்டைத் துணியின் வயது மற்ற துணிகளோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட்டால் எது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது உள்திணிப்பு. விரல்களுக்கு இடையில் மெதுவாகப் பிடித்துப் பார்த்தால் கம்பளி மீள்தன்மையோடு எழும். பஞ்சு தட்டையாக அடங்கிக் கிடக்கும். கம்பளி இழைகள் சில துணியின் கண்கள் வழியே வெளியே வந்து மேற்பரப்பில் மெல்லிய மயிராக நிற்பதும் உண்டு. சில குயில்ட்களுக்குள் பழைய கம்பளிப் போர்வையோ, தேய்ந்துபோன இன்னொரு குயில்ட்டோ கூட இருக்கும். மேலே உள்ள தையலோடு ஒத்துப்போகாத மேடுகள் கைக்குத் தட்டுப்பட்டால், கிழிந்த இடம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதன் வழியே முந்தைய தலைமுறையின் துணி தெரியக்கூடும். அதைப் பார்ப்பதற்காக நல்ல தையலைப் பிரிப்பது மட்டும் கூடவே கூடாது.

வடக்கு இங்கிலாந்தின் டர்ஹம், நார்தம்பர்லாந்து பகுதிகளிலும் இதே அளவுக்கு வலிமையான குயில்ட் மரபு உண்டு. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் வரும். அங்கே இறகுகளும் முறுக்குக் கயிறு போன்ற கோலங்களும் நீண்டு வளைந்து பரப்பு முழுவதும் ஓடும். வேல்ஸில் பரப்பு முதலில் கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதற்கென ஓர் உருவம் அடங்கியிருக்கும். மேலும், வட இங்கிலாந்தின் ஆலன்டேல் பகுதியில் கோலம் வரைந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் நீலப் பென்சிலால் வரைந்த கோடுகள் சில குயில்ட்களில் இன்னும் மங்கலாகத் தெரியும். அப்படிப்பட்ட கோடு தெரிந்தால் வேல்ஸ் என்ற முடிவைத் தள்ளி வையுங்கள்.

வேல்ஸில் கார்தன் என்ற கம்பளிப் போர்வையும் உண்டு. அது தறியில் நெய்தது. அடுக்கும் இல்லை, தையற்கோலமும் இல்லை. விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்பது உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: நடுவிலிருந்து வெளியே படியுங்கள்

வேல்ஸ் குயில்ட்டுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. நடுவே ஒரு வட்டம். அந்த வட்டத்தைச் சூழ்ந்து ஒரு சதுரமோ சாய்சதுரமோ. அந்தச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் விசிறி போல் விரியும் கால்வட்டங்கள். அதற்கு வெளியே ஒன்று, இரண்டு, சில நேரங்களில் மூன்று கரைகள். கட்டம் ஒவ்வொன்றையும் வயல் வரப்பைப் போல இரட்டைக் கோடுகள் பிரிக்கின்றன. இந்த அமைப்பை ஒரு காகிதத்தில் நான்கைந்து கோடுகளால் வரைந்துகொண்டால், எவ்வளவு நெருக்கமான குயில்ட்டும் படிக்கக்கூடியதாகிவிடும்.

இதற்குப் பிறகு உருவங்களைத் தேடுங்கள். இலை, இதயம், ட்யூலிப் மலர், நத்தையின் ஓட்டைப் போன்ற சுருள், தேவாலயச் சன்னலின் வளைவு ஆகியவை திரும்பத் திரும்ப வரும். சுருளைத்தான் நான் முதலில் தேடுவேன். ஒரே நூலில் வெளியிலிருந்து உள்ளே சுற்றிப் போகும் அந்தக் கோடு வளைவு குலையாமல், இடைவெளி மாறாமல் நடுப்புள்ளியை அடைந்திருந்தால், அதைத் தைத்தவரின் கைத்திறனைப் பற்றி அதற்கு மேல் விசாரிக்கத் தேவையில்லை.

தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும் உருவம் ஒன்றும் இருக்கிறது. நம் பட்டுச் சேலைக் கரைகளில் மாங்காய் என்று சொல்லும் அதே வளைந்த வடிவம் வேல்ஸ் குயில்ட்களில் அடிக்கடி வருகிறது. அங்கே அதைப் பேரிக்காய் என்பார்கள். காஷ்மீர் சால்வைகளில் இருந்த அந்த உருவத்தை, 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தறிகள் பெருமளவில் நெய்து விற்றன. அந்தச் சால்வைகளை அணிந்த வேல்ஸ் பெண்களின் கண் வழியாக அது ஊசிக்கும் வந்து சேர்ந்தது.

உருவங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தையும் தவறாமல் கவனியுங்கள். சாய்சதுர வலையாலோ இணைகோடுகளாலோ அது நிரப்பப்பட்டிருக்கும். பின்புலம் நெருக்கமாகத் தைக்கப்பட்டு அமுங்கும்போதுதான் உருவம் மேலெழும் என்பதால், இந்த நிரப்புத் தையலுக்கு எவ்வளவு பொறுமை செலவிடப்பட்டிருக்கிறது என்பதே குயில்ட்டின் தரத்தை நிர்ணயிக்கிறது. தையலின் நுண்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்வது நியாயமில்லை. ஃபிளானல் என்ற தடித்த கம்பளித் துணியும் உள்ளே திணித்த கம்பளியும் சேர்ந்த அடுக்கில் ஊசி சிறு அடி வைக்க முடியாது. அங்கே தையல் நீளமாக இருப்பது குறையாகாது.

ஒட்டுத்துணிக் குயில்ட்களில் இரண்டு வடிவமைப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். மேலே சிவப்பு, கறுப்புச் சதுரங்கள் ஒரு கணக்கில் அமைந்திருக்க, தையற்கோலம் அவற்றைச் சற்றும் பொருட்படுத்தாமல் தன் வட்டத்தையும் கரையையும் போட்டுக்கொண்டு போகும். குயில்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒரே நிறத் துணி இருக்கும். கோலம் தடங்கலின்றித் தெரியும்.

பெரிய நிறப் பரப்புகளைக் கொண்ட இந்த ஒட்டுத்துணி வகை, அமெரிக்காவின் பென்சில்வேனியா முதலிய பகுதிகளில் எளிய வாழ்க்கை வாழும் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தாரின் குயில்ட்களை வெகுவாக ஒத்திருக்கிறது. வேல்ஸ் மக்கள் 1680களிலிருந்தே பென்சில்வேனியாவில் குடியேறியவர்கள் என்பதால், ஆமிஷ் மரபு வேல்ஸிடமிருந்து கற்றது என்று சொல்பவர்கள் உண்டு. ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதை நிறுவும் நேரடி ஆவணச் சான்று கிடையாது. விற்பவர் இதை நிலைபெற்ற வரலாறாகச் சொன்னால் அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: தைத்த முறையை மனத்தில் கொண்டு மீண்டும் பாருங்கள்

கார்மார்தன்ஷயர், கார்டிகன்ஷயர், பெம்ப்ரோக்ஷயர் முதலிய மேற்கு மாவட்டங்களில் ஊர் ஊராகச் செல்லும் தையற்காரர்கள் இருந்தார்கள். பண்ணை வீட்டில் தங்கி, அங்கேயே உணவு உண்டு, கூலிக்குக் குயில்ட் தைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பண்ணைக்குப் போவார்கள். துணியையும் தங்கள் ஆடுகளின் கம்பளியையும் வீட்டார் கொடுப்பார்கள். மகளின் திருமணத்துக்கான குயில்ட்கள் இப்படித்தான் பல வீடுகளில் உருவாயின. சிறுமிகள் தையற்காரரிடம் தொழில் பழகும் முறையும் இருந்தது. ஆண்களிலும் குயில்ட் தைத்தவர்கள் உண்டு.

அவர்களின் கருவி எளிய மரச்சட்டம். இரண்டு நீண்ட கட்டைகளில் துணியின் இரு முனைகளையும் தைத்து, குறுக்கே இரண்டு தட்டையான சட்டங்களைச் செருகி, அவற்றிலுள்ள துளைகளில் முளைகளை இறக்கினால் துணி விறைப்பாக நிற்கும். ஒரு கை மேலே ஊசியைச் செலுத்த, மறு கை அடியிலிருந்து அதைத் தடவி மேலே திருப்பி அனுப்பும். எட்டும் தூரம் தைத்து முடித்ததும் அந்தப் பகுதியைக் கட்டையில் சுருட்டிவிட்டு அடுத்த பகுதியைத் திறப்பார்கள். ஆகவே தைப்பவரின் கண் முன்னால் குயில்ட்டின் ஒரு பட்டைதான் எப்போதும் இருந்தது. முழு வடிவமும் அவர் மனத்தில் மட்டுமே இருந்தது.

கோலத்தைச் சட்டத்தில் பூட்டிய பிறகு பகுதி பகுதியாகச் சாக்கட்டியால் வரைவதே வேல்ஸில் பரவலான வழக்கம். வட்டத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு, இலைக்கு வெட்டிய அட்டை, மற்றவை கைவாக்கில். இதை அறிந்துகொண்டு மறுபடியும் மூலைகளைப் பாருங்கள். ஒரு மூலையில் விசிறி முழுமையாக இருக்கும். எதிர் மூலையில் இடம் போதாமல் சற்றே நெருக்கப்பட்டிருக்கும். கரையில் ஓடும் இலை வரிசை மூலைக்கு வரும்போது அரை இலை மிஞ்சிப்போக, அங்கே ஒரு சிறு இதயத்தை வைத்து இடத்தை நிரப்பியிருப்பார். இவற்றைப் பிழையாகக் கணக்கிட்டு ஒதுக்குபவர், தைத்தவரைச் சந்திக்கும் வாய்ப்பை இழக்கிறார். எந்திரத்தில் தைத்த நவீன நகலில் நான்கு மூலைகளும் ஒரே அச்சாக இருக்கும். தையலும் இரு பக்கமும் இடைவெளியின்றித் தொடர் கோடாக ஓடும்.

ஐந்தாம் படி: துணியையும் சாயத்தையும் கொண்டு காலத்தைக் கணியுங்கள்

பொது விதி ஒன்று: குயில்ட்டில் உள்ள துணிகளில் மிகப் புதியது எதுவோ, அதற்கு முந்தைய காலத்தை அந்தக் குயில்ட்டுக்குக் கொடுக்க முடியாது. பாட்டியின் பாவாடைத் துணியைப் பேத்தி தைத்திருக்கலாம்.

மிகப் பழைய சான்றுகளில் ஒன்றுக்கு நம் கடற்கரையோடும் தொடர்பு இருக்கிறது. சோழமண்டலக் கரை உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலிருந்து போன வண்ணப் பருத்தித் துணிகள் தங்கள் நெசவாளரின் பிழைப்பைக் கெடுப்பதாகச் சொல்லி, பிரிட்டன் 1721இல் அச்சிட்ட பருத்தித் துணிகளின் பயன்பாட்டுக்குச் சட்டப்படி தடை விதித்தது. 1774இல் உள்நாட்டில் நெய்த பருத்திக்கு மட்டும் தடை விலக்கப்பட்டபோது, அயல்நாட்டுத் துணியிலிருந்து அதைப் பிரித்தறிய விளிம்பில் மூன்று நீல இழைகள் ஓட வேண்டும் என்று விதித்தார்கள். 1811 வரை அந்த விதி நீடித்தது. குயில்ட்டின் மடிப்பிலோ பின்பக்க இணைப்பிலோ துணியின் நெய்த ஓரம் தெரிந்து, அதில் நீல இழைகள் மூன்று இருந்தால் அந்தத் துணியின் காலம் ஐயமின்றித் தெரிந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டின் கிராமத்துக் குயில்ட்களில் வேல்ஸ் ஃபிளானல் ஆட்சி செய்கிறது. நியூடவுன், லானிட்லோஸ், டெய்வி ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ட்ரெவாக் வெலிந்த்ரே ஆகிய இடங்களில் நெய்த இந்தக் கம்பளித் துணி பெரும்பாலும் ஆழ்ந்த சிவப்பு, கறுப்பு, நீலம் என்ற நிறங்களில் வந்தது. செயற்கைச் சாயம் பிறந்ததே 1856இல்தான். கண்ணைப் பறிக்கும் ஊதாவோ மெஜந்தாவோ இருந்தால் அந்தக் குயில்ட் அதற்குப் பிற்பட்டது. ஒட்டுத்துணிகளை இணைத்த தையல் எந்திரத் தையலாகவும் கோலத் தையல் கையாலும் இருந்தால், வீடுகளுக்குத் தையல் எந்திரம் வந்த 1860களுக்குப் பிறகு என்று கொள்ளலாம். அச்சுப் பருத்தித் துணியில் கறுப்பு, பழுப்புப் பூக்கள் மட்டும் அரித்து உதிர்ந்து, சுற்றியுள்ள துணி திடமாக இருப்பதும் நல்ல தடயமே: அக்காலத்தில் அந்த நிறங்களைப் பிடிக்க வைக்கப் பயன்படுத்திய இரும்பு உப்பு காலப்போக்கில் இழையைத் தின்றுவிடுகிறது.

பொன்மஞ்சள், ரோஜா, இளம்பச்சை போன்ற நிறங்களில் பளபளக்கும் பருத்தி சாட்டீனில், மேலொரு நிறமும் கீழொரு நிறமுமாகத் தைத்த முழுத்துணிக் குயில்ட் கிடைத்தால், அது 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 1939க்கும் இடைப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றில் சிலவற்றுக்குத் தனி வரலாறு உண்டு. 1926ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கப் போராட்டமும் அதைத் தொடர்ந்த வேலையின்மையும் தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளை வறுமையில் தள்ளின. 1928இல் கிராமத் தொழில்களுக்கான அரசு அமைப்பு, மேவிஸ் ஃபிட்ஸ்ராண்டால்ஃப் என்ற பெண்மணியின் முனைப்பில், சுரங்கப் பகுதிப் பெண்களுக்குக் குயில்ட் வேலை கிடைக்க ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நல்ல துணி கொடுக்கப்பட்டது; மரபை அறிந்த மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள்; தையலின் தரம் கண்டிப்பாகச் சோதிக்கப்பட்டது. லண்டனில் மியூரியல் ரோஸ் நடத்திய லிட்டில் காலரி அந்தக் குயில்ட்களைக் காட்சிக்கு வைத்து விற்றது. 1932இல் கிளாரிட்ஜஸ் ஓட்டல் தன் புதிய பகுதிக்காக வேல்ஸ், டர்ஹம் பெண்களிடம் குயில்ட்கள் தைக்கக் கொடுத்தது. அடுப்பு எரியாத வீடுகளில் தைத்த போர்வைகள் லண்டனின் மிக விலையுயர்ந்த அறைகளில் விரிக்கப்பட்டன என்பதை நினைக்கும்போது, அந்தச் சாட்டீனின் பளபளப்பை வெறும் அழகாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. போர் வந்ததும் திட்டம் நின்றது; 1941இல் தொடங்கி 1949 வரை நீடித்த துணிப் பங்கீடு மீதமிருந்ததையும் முடக்கியது.

ஆறாம் படி: கண்ணைப் பழக்குங்கள்

கார்டிஃப் அருகே செயின்ட் ஃபகன்ஸில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகம் வேல்ஸ் குயில்ட்களின் முக்கியமான சேகரிப்பை வைத்திருக்கிறது. லாம்பீட்டரில் 2009இல் குயில்ட் மையம் ஒன்றைத் திறந்த ஜென் ஜோன்ஸ், 1970களில் அமெரிக்காவிலிருந்து வந்து வேல்ஸில் குடியேறி, மதிப்பிழந்து கிடந்த குயில்ட்களைத் தேடிச் சேர்த்தவர்.

செயின்ட் ஃபகன்ஸ் சேகரிப்பில் உள்ள ரெக்ஸம் தையற்காரரின் போர்வையைப் பார்க்காமல் விட வேண்டாம். ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற தையற்காரர் 1842 முதல் 1852 வரை தன் ஓய்வு நேரத்தில் 4,525 கம்பளித் துண்டுகளை இணைத்து அதை உருவாக்கினார். நோவாவின் பேழை, யோனாவை விழுங்கும் மீன், விலங்குகளுக்குப் பெயரிடும் ஆதாம் ஆகியவற்றுக்கு நடுவே, அவர் காலத்துப் பொறியியல் அதிசயமான மெனாய் தொங்கு பாலமும் இருக்கிறது. ஆனால் அதில் உள்திணிப்போ கோலத் தையலோ இல்லாததால், இந்த வழிகாட்டி பேசும் குயில்ட் வகைக்குள் அது வராது.

ஏழாம் படி: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

முகர்ந்து பாருங்கள், பூஞ்சை நெடி இருந்தால் மற்ற துணிகளோடு சேர்க்காதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கம்பளி ஒரு பக்கம் திரண்டு மறுபக்கம் வெறுமையாகியிருப்பது தெரியும். அந்துப்பூச்சி அரித்த துளைகள், வெண்ணிறப் புழு, அரிசிமணி அளவுக் கூடுகள் ஆகியவற்றைத் தையல் பள்ளங்களில் தேடுங்கள். ஐயம் இருந்தால் குயில்ட்டை டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, −18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் துணியில் படியும்.

துவைப்பதைப் பற்றி என் கருத்து கண்டிப்பானது: ஃபிளானல் குயில்ட்டை வீட்டில் துவைக்கவே வேண்டாம். கம்பளி நீரில் இறுகிச் சுருங்கும், சிவப்புச் சாயம் பக்கத்துத் துணிக்கு ஓடும், தையல் மேடுகள் நிரந்தரமாகத் தட்டையாகிவிடும். உலர்சலவையின் கரைப்பான்களும் பழைய நூலுக்கு ஏற்றவை அல்ல. தூசியை மட்டும் நீக்கினால் போதும். நைலான் வலைத்துணியை மேலே விரித்து, வேக்குவம் கிளீனரை மிகக் குறைந்த உறிஞ்சலில் வைத்து, தேய்க்காமல் சற்று உயர்த்திப் பிடித்து நகர்த்துங்கள். கறை அகல வேண்டுமானால் துணிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

எப்போதும் விரித்து வைக்க இடமில்லாதவர்கள், அமிலமற்ற காகிதம் சுற்றிய அகலக் குழாயில் குயில்ட்டைச் சுருட்டி, வெளுத்த பருத்தித் துணியால் மூடி வைக்கலாம். மடித்துத்தான் வைக்க முடியும் என்றால், மடிப்புக்குள் காகித உருளைகளைச் செருகி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பின் இடத்தை மாற்றுங்கள். கடலோர நகரங்களின் ஈரக்காற்றில் பாலிதீன் உறை நிரந்தரமாகக் கூடாது. சுவரில் தொங்கவிடுவதானால், பின்பக்கத்தில் அகலமான துணிக்குழலைத் தைத்து அதில் கம்பைச் செருகி, எடை முழு அகலத்துக்கும் பரவும்படி செய்யுங்கள். வெயில் படாத சுவராகப் பாருங்கள். சில மாதங்கள் தொங்கிய பின் இறக்கி ஓய்வு கொடுங்கள்.

இறுதியாக, அறிந்ததை எழுதி வையுங்கள். வாங்கிய இடம், விற்றவர் சொன்ன குடும்பத் தகவல், நீள அகலம், உள்திணிப்பு, விளிம்பு வகை, நீங்கள் காகிதத்தில் வரைந்த கோல அமைப்பு ஆகியவற்றைப் பக்கவாட்டு வெளிச்சப் படங்களோடு ஒரு கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு பருத்தி நாடாவில் அழியா மையால் அடையாள எண்ணை எழுதி, பின்பக்கத்தின் ஒரு மூலையில், மேல்துணியை ஊசி தொடாதபடி இரண்டு மூன்று தையலில் பிடிப்பித்தால், குயில்ட்டும் கோப்பும் பிரிந்து போனாலும் எது எதற்குரியது என்பது அடுத்து வைத்திருப்பவருக்குத் தெரியும்.